பலகை வளைவது ஏன்? வீட்டுப் பட்டறைக்கு ஒரு மரத்தாங்கி

தச்சு வேலையில் ஆர்வமுள்ள மாணவர்கள் சிலர் வீட்டின் பின்கட்டிலோ மாடிப்படியின் அடியிலோ ஒரு சிறிய பட்டறை வைத்திருப்பார்கள். ரம்பம், உளி, சுத்தியல், இழைப்புளி ஒவ்வொன்றுக்கும் அங்கே ஓர் இடம் இருக்கும். பலகைக்கு மட்டும் இடம் இராது. அது சுவரோரமாகச் சாய்ந்து நிற்கும். அல்லது தரையிலே கிடக்கும். ஒரு மழைக்காலம் கழித்து எடுத்துப் பார்த்தால் வில்லைப்போல் வளைந்திருக்கும். அடிமுனையில் கரையான் மண் கட்டியிருந்தாலும் வியப்பில்லை.

இது மரத்தின் குற்றமா? இல்லை. வைத்த முறையின் குற்றம். தோட்டங்களில் வளர்க்கும் தேக்கைப் பெருமரமாக வெட்டுவதற்கு ஐம்பது, அறுபது ஆண்டுகள்கூடக் காத்திருப்பார்கள். அவ்வளவு காலம் நிமிர்ந்து வளர்ந்த மரம் பலகையான பின் வளைந்து போவதற்கு ஒரே ஒரு பருவம் போதும்.

"அப்படியானால் சுவரில் நாலு ஆணி அடித்து, தட்டு மாட்டி, மேலே ஏற்றிவிடலாமே!" என்று நீங்கள் சொல்லலாம். அங்கேதான் இரண்டாவது ஆபத்து காத்திருக்கிறது. பலகை பார்ப்பதற்கு மெல்லியது. அடுக்கினால் நூறு கிலோகிராம் ஆகிவிடும். அது ஒருவர் தலைக்கு மேலிருந்து சரிந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே நல்ல மரத்தாங்கி இரண்டு காரியங்களைச் செய்ய வேண்டும். பலகையை வளையாமல் காக்க வேண்டும். தானும் விழாமல் நிற்க வேண்டும். இவ்விரண்டுக்கும் உங்கள் பள்ளிப் பாடநூலில் உள்ள அறிவியலே போதும். எப்படி என்று பார்ப்போம்.

மரம் நீர் குடிக்கிறது, நீர் விடுகிறது

மரம் என்பது நீண்ட நுண்குழாய்கள் போன்ற செல்களின் கட்டு. பச்சை மரத்தில் நீர் இரண்டு இடங்களில் இருக்கிறது. குழாயின் உள்ளறையில் நிரம்பியிருப்பது ஒன்று. குழாயின் சுவருக்குள் ஊறியிருப்பது மற்றொன்று. மரம் உலரத் தொடங்கும்போது முதலில் உள்ளறை நீர் வெளியேறுகிறது. அப்போது எடை குறைகிறது, அளவு மாறுவதில்லை. உள்ளறை வற்றி, சுவரில் மட்டும் நீர் எஞ்சி நிற்கும் கட்டத்தை நார்த் தெவிட்டு நிலை என்பார்கள். பெரும்பாலான மரங்களில் இந்நிலை 30% ஈரத்தை ஒட்டி வருகிறது. அதற்குக் கீழே போகும்போதுதான் செல் சுவர்களே மெலிகின்றன, மரம் சுருங்குகிறது.

ஈரம் 30% என்றால் என்ன பொருள்? முற்றிலும் உலர்ந்த மரத்தின் எடையை 100 என்று கொண்டால், அதில் உள்ள நீரின் எடை 30 என்று பொருள். ஒரு துண்டு மரம் இப்போது 236 கிராம் இருக்கிறது. 103 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள அடுப்பில் எடை மாறாத நிலை வரை உலர்த்தியபின் 200 கிராம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியேறிய நீர் 36 கிராம். 36-ஐ 200-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 18. எனவே அம்மரத்தின் ஈரம் 18%.

உலர்ந்த மரம் நிரந்தரமாக உலர்ந்தே இருப்பதில்லை. சுற்றியுள்ள காற்றின் ஒப்பு ஈரப்பதத்துக்கு ஏற்ப அது நீரை ஏற்பதும் விடுவதுமாக இருக்கும். காற்றின் ஒப்பு ஈரப்பதம் 80% ஆக இருந்தால் மரத்தின் ஈரம் ஏறத்தாழ 16%-இல் போய் நிற்கும். ஒப்பு ஈரப்பதம் 55% என்றால் ஏறத்தாழ 10%. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கதவு பிடித்துக்கொள்வதும், சித்திரை வெயிலில் அதே கதவு தளர்வதும் இதனால்தான்.

இனிச் சுருக்கத்தைக் கணக்கிடுவோம். மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. நீளவாக்கில் சுருக்கம் மிகச் சிறிது, புறக்கணித்துவிடலாம். ஆண்டு வளையத்துக்குக் குறுக்காக, மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஓரளவு சுருங்கும். வளையத்தை ஒட்டிய திசையில் அதைப்போல் சுமார் இரண்டு மடங்கு சுருங்கும். தேக்கு சுருக்கம் குறைந்த மரம் என்று பெயர் பெற்றது. அதிலும்கூட, வளையத்தை ஒட்டிய திசையில், ஈரம் 1% குறைந்தால் அகலம் ஏறத்தாழ 0.2% குறையும். 15 செ.மீ. அகலமுள்ள தேக்குப் பலகையின் ஈரம் 16%-இலிருந்து 10%-க்கு இறங்கினால் சுருக்கம் 1.2%, அஃதாவது 1.8 மில்லிமீட்டர்.

"இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லையே!" என்று அலட்சியம் செய்யாதீர்கள். பலகையின் இரு முகங்களும் ஒன்றாகச் சுருங்கினால் தொல்லை இல்லை. தரையில் கிடக்கும் பலகையின் மேல்முகம் உலர்கிறது. கீழ்முகம் தரையின் ஈரத்தை வாங்குகிறது. மேலே சுருக்கம், கீழே விரிவு. வேறு வழியின்றிப் பலகை கிண்ணம்போல் குழிகிறது.

காற்றுக்கு வழி விடுங்கள்

மேற்சொன்ன ஒரே உண்மையிலிருந்து தாங்கிக்குரிய முதல் விதி பிறக்கிறது: பலகையின் எல்லா முகங்களிலும் காற்று ஒரே மாதிரி பட வேண்டும்.

அதற்காகப் பலகைகளை ஒன்றின்மேல் ஒன்று நேரடியாக அடுக்கக் கூடாது. ஒவ்வோர் அடுக்குக்கும் இடையே 2 செ.மீ. கனமுள்ள உலர்ந்த குச்சிகளைக் குறுக்காக வைக்க வேண்டும். இவற்றை இடைக்கட்டைகள் என்போம். எல்லா இடைக்கட்டைகளும் ஒரே கனமாக இருக்க வேண்டும். கீழ் அடுக்கின் இடைக்கட்டைக்கு நேர் மேலேதான் மேல் அடுக்கின் இடைக்கட்டை வர வேண்டும். சற்றே தள்ளி வைத்தாலும் மேலே உள்ள சுமை கீழ்ப்பலகையின் தாங்கலற்ற பகுதியை அழுத்தும்.

தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் இடைவெளி வேண்டும். சிமென்ட் தரை உலர்ந்ததுபோல் தோன்றினாலும் அதன் நுண்துளைகள் வழியே நிலத்தின் ஈரம் நுண்புழை ஏற்றத்தால் மேலே வருகிறது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதும் இதே முறையில்தான். எனவே கீழ் அடுக்கு தரையிலிருந்து 40 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். இந்த இடைவெளியால் இன்னொரு நன்மையும் உண்டு. கரையான் வெளிச்சத்திலும் வறண்ட காற்றிலும் நடமாட விரும்பாது. மண் குழாய் கட்டி அதற்குள்ளேயே மேலே வரும். தரையும் சுவரும் கண்ணுக்குத் தெரியும்படி இருந்தால், குழாய் தலைகாட்டிய அன்றே பிடித்துவிடலாம்.

மரத்தின் ஈரம் 20%-க்குக் கீழே இருந்தால் மரத்தை அழுகச் செய்யும் பூஞ்சை வளர்வதில்லை. மரத்தின் வெளிப்பகுதியான வெளிறு மட்டும் உலர்ந்த பின்னும் துளை வண்டுகளுக்கு இரையாகும். அதிலுள்ள மாவுப்பொருளே காரணம். பலகையின் கீழே மெல்லிய மாவு கொட்டிக் கிடந்தால் அந்தப் பலகையை உடனே பிரித்துத் தனியே வையுங்கள்.

புதிதாக அறுத்த பலகையாக இருந்தால் இரு முனைகளுக்கும் சாயம் அல்லது மெழுகு பூசிவிடுங்கள். குழாய்களின் வாய் திறந்திருப்பது முனையில்தான். நீர் குறுக்குவாட்டில் வெளியேறுவதைவிட நீளவாட்டில் பத்து மடங்குக்கும் மேல் விரைவாக வெளியேறும். முனை மட்டும் முந்திக்கொண்டு உலர்ந்து சுருங்கினால் வெடிப்பு விழும். மர அறுவை நிலையங்களில் கட்டைகளின் முனையில் சாயம் பூசியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அழகுக்காக அல்ல.

இந்திய மரங்களின் சுருக்கம், அடர்த்தி, உலர்த்தும் முறை ஆகியவற்றை ஆராய்ந்து அட்டவணைப்படுத்திய பெருமை டேராடூனில் 1906-இல் நிறுவப்பட்ட வன ஆராய்ச்சி நிலையத்துக்கு உண்டு. ஆனால் உங்கள் பட்டறையில் மரம் உலர்ந்துவிட்டதா என்று அறிய ஒரு தராசே போதும். வாரம் ஒரு முறை ஒரே பலகையை நிறுத்துக் குறித்து வாருங்கள். எடை குறைவது நின்றுவிட்டால் மரம் உங்கள் ஊர்க் காற்றோடு சமநிலைக்கு வந்துவிட்டது என்று பொருள்.

எங்கே தாங்குவது?

இனி எடையின் கதைக்கு வருவோம். 2.5 மீட்டர் நீளம், 2.5 செ.மீ. கனம் உள்ள ஓர் உலர்ந்த தேக்குப் பலகையைப் படுக்கை வாட்டில் வைத்து இரு முனைகளில் மட்டும் தாங்குகிறோம். வேறு சுமையே இல்லை. ஆயினும் தன் எடையால் மட்டும் அதன் நடுப்பகுதி 5 அல்லது 6 மில்லிமீட்டர் தொய்ந்துவிடும்.

இந்தத் தொய்வு எடுத்தவுடன் மறைந்துவிடும் என்று எண்ண வேண்டாம். மரம் எஃகைப் போன்றதன்று. நெடுங்காலம் சுமை தாங்கினால் அது மெல்ல மெல்ல மேலும் வளைந்துகொண்டே போகும். சில ஆண்டுகளில் தொய்வு முதல் நாள் இருந்ததைப்போல் இரு மடங்காவதும் உண்டு. ஈரத்தோடு தொய்ந்து, தொய்ந்த நிலையிலேயே உலர்ந்த பலகைக்கு அந்த வளைவே வடிவமாகிவிடும்.

தொய்வு, தாங்கல்களுக்கு இடையே உள்ள தூரத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. தூரத்தைப் பாதியாக்கினால் தொய்வு பாதியாவதில்லை. பதினாறில் ஒரு பங்காகிறது! பலகையின் அகலத்துக்கு இதில் பங்கே இல்லை. அகலம் கூடினால் எடையும் கூடுகிறது, விறைப்பும் அதே அளவு கூடுகிறது.

சரி, இரண்டே இரண்டு தாங்கல்கள்தாம் உள்ளன என்றால் அவற்றை எங்கே வைப்பது? முனைகளில் வைத்தால் நடு தொய்கிறது. நடுவை ஒட்டி வைத்தால் முனைகள் தொங்குகின்றன. இரண்டுக்கும் இடையே ஒரு நல்ல இடம் இருந்தாக வேண்டும் அல்லவா? 1835 முதல் 1881 வரை இங்கிலாந்தின் அரசு வானியலாளராகக் கிரீனிச்சில் பணியாற்றிய ஜார்ஜ் ஏரி என்பவர், நீள அளவுக்கான திட்டக் கோல்களைத் தாங்குவதற்கு இத்தகைய கேள்வியை ஆராய்ந்தார். கோலின் முனைகள் சாயாமல் இருக்க, ஒவ்வொரு முனையிலிருந்தும் நீளத்தில் 21% தள்ளித் தாங்க வேண்டும் என்பது அவர் கணக்கு. நமக்கு வேண்டியது தொய்வு மிகக் குறைவாக இருப்பது. அதற்குரிய இடம் அதன் அருகிலேயே, 22%-இல் இருக்கிறது. அங்கே தாங்கினால் பெருமத் தொய்வு, முனைகளில் தாங்கியபோது இருந்ததில் 48-இல் ஒரு பங்குதான். ஒரு செலவும் இல்லை. தாங்கலை நகர்த்தினோம், அவ்வளவே!

நம் 2.5 மீட்டர் பலகைக்கு 22% என்பது 55 செ.மீ. உலர்ந்த பலகைக்கு இந்த இரண்டு தாங்கல்கள் போதும். ஆனால் பட்டறையில் பச்சைப் பலகையும் வரும், 70 செ.மீ. நீளமுள்ள துண்டும் வரும். துண்டுப் பலகை 140 செ.மீ. தள்ளியுள்ள இரு தாங்கல்களை எட்டாது. எனவே 60 செ.மீ.க்கு ஒன்றாக நான்கு தாங்கல்கள் வைப்போம். 60 செ.மீ. வீதம் மூன்று இடைவெளிகள் 180 செ.மீ. ஆகும். இரு பக்கமும் 35 செ.மீ. வீதம் வெளியே நீண்டால் மொத்தம் 250 செ.மீ. கணக்கு சரியாகிவிட்டது.

ஓர் எச்சரிக்கை: இரண்டு தாங்கல்கள் எப்போதும் ஒரே கோட்டில்தான் இருக்கும். நான்கு தாங்கல்கள் அப்படியல்ல. ஒன்று சற்று மேலேறி இருந்தாலும் பலகை அதன்மேல் வளைந்து, அந்த வளைவைக் கற்றுக்கொண்டுவிடும். எனவே முதல் தாங்கலிலிருந்து நான்காம் தாங்கலுக்கு நூல் கட்டி, இடையில் உள்ள இரண்டும் நூலைத் தொடுகின்றனவா என்று பாருங்கள். நீளவாட்டில் மட்டமாக இருக்கிறதா என்பதை ரசமட்டம் சொல்லிவிடும்.

கலிலியோவின் உத்தரம்

தாங்கல் ஒவ்வொன்றும் சுவரோரமாக நிற்கும் காலிலிருந்து முன்னோக்கி நீளும் ஒரு கை. ஒரு முனை பிடிக்கப்பட்டு மறுமுனை அந்தரத்தில் நிற்கும் இத்தகைய உத்தரத்தின் வலிமையை முதன்முதலில் கணித முறையில் ஆராய்ந்தவர் கலிலியோ. 1633-இல் தண்டிக்கப்பட்டு, பிளாரன்சு நகரை அடுத்த ஆர்செட்ரியில் வீட்டுக்காவலில் இருந்தபோது அவர் எழுதி முடித்த இரு புதிய அறிவியல்கள் பற்றிய நூல், 1638-இல் ஹாலந்தின் லெய்டன் நகரில் வெளியாயிற்று. பாழடைந்த சுவரிலிருந்து நீளும் ஒரு மர உத்தரமும், அதன் முனையில் தொங்கும் எடையும் அந்நூலில் படமாக வரையப்பட்டுள்ளன. அந்தப் படம்தான் நம் தாங்கியின் கை!

உத்தரத்தின் வலிமை அதன் அகலத்தையும், உயரத்தின் இருமடியையும் பெருக்கிய பெருக்கலுக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று கலிலியோ கண்டார். 4 செ.மீ.க்கு 9 செ.மீ. அளவுள்ள ஒரு சட்டத்தை எடுத்துக்கொள்வோம். அதை நிமிர்த்தி வைத்தால் 4 × 9 × 9 = 324. படுக்க வைத்தால் 9 × 4 × 4 = 144. அதே மரம், அதே எடை, அதே விலை. நிமிர்ந்தால் இரண்டே கால் மடங்கு வலிமை. விறைப்போ உயரத்தின் மும்மடியைப் பொறுத்தது; ஆகவே அது ஐந்து மடங்கு கூடுகிறது.

இதில் மற்றொரு பாடமும் உண்டு. கலிலியோவின் விகிதம் சரி. ஆனால் உத்தரத்தின் முழு வலிமை இவ்வளவு என்று அவர் காட்டிய மதிப்பு, இன்று நாம் கணக்கிடுவதைப்போல் மூன்று மடங்கு. உத்தரத்தின் குறுக்குவெட்டு முழுவதும் சம அளவில் இழுபடுவதாக அவர் கொண்டார். உண்மையில் மேல்பாதி இழுபடுகிறது; கீழ்ப்பாதி அமுக்கப்படுகிறது; நடுவில் விசையே இல்லாத ஒரு படலம் இருக்கிறது. பின்வந்தோர் இதைத் திருத்தினர். பேரறிஞரின் கணக்கிலும் மூன்று மடங்கு வேறுபாடு வரக்கூடும் என்பதால்தான் பொறியாளர்கள் எப்போதும் தேவைக்கு மேல் மூன்று, நான்கு மடங்கு வலிமை வைத்துக் கட்டுகிறார்கள். இதைப் பாதுகாப்புக் காரணி என்பர்.

கையின் மேல்விளிம்பே மிகுதியாக இழுபடுகிறது. அதுவும் கால் அருகே. அந்த இடத்தில் கணு உள்ள சட்டத்தைப் பயன்படுத்தாதீர்கள். கணுவில் நார்கள் விலகிச் செல்வதால் இழுவிசையைத் தாங்கும் திறன் குறைந்துவிடும்.

சுவர் தாங்குமா?

2.5 மீட்டர் நீளம், 15 செ.மீ. அகலம், 2.5 செ.மீ. கனம் உள்ள பலகையின் கன அளவு 0.0094 கனமீட்டர். உலர்ந்த தேக்கின் அடர்த்தி ஒரு கனமீட்டருக்கு ஏறத்தாழ 650 கிலோகிராம். எனவே ஒரு பலகை 6 கிலோகிராமுக்குச் சற்று மேல். பக்கத்துக்கு எட்டாக இரு வரிசையில் 16 பலகைகள் அடுக்கினால் ஏறத்தாழ 98 கிலோகிராம். கணக்கின் எளிமைக்காக 100 என்று வைத்துக்கொள்வோம். பலகை பச்சையாக இருந்து 60% ஈரம் கொண்டிருந்தால் இது 140-ஐத் தாண்டிவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

கை சுவரோரக் காலிலிருந்து 40 செ.மீ. நீள்கிறது. சுமையின் நடு 20 செ.மீ. தொலைவில் இருக்கிறது. சுமையையும் தொலைவையும் பெருக்கினால் திருப்புத்திறன்: 100 × 20 = 2000.

கடையில் விற்கும் 10 செ.மீ. உயரமுள்ள சிறு தாங்கிகளைச் சுவரில் திருகி, அவற்றின்மேல் இச்சுமையை ஏற்றியதாகக் கொள்வோம். தாங்கியின் கீழ்விளிம்பு ஆதாரப் புள்ளி. மேல் திருகாணி அதற்கு 10 செ.மீ. மேலே. சுமை தாங்கியை முன்னோக்கித் திருப்பப் பார்க்கிறது; மேல் திருகாணி தடுக்கிறது. அதன் மீது விழும் இழுவிசை 2000 ÷ 10 = 200 கிலோகிராம் எடை. சுமை 100-தான்; ஆனால் சுவரைப் பிடுங்கும் விசை 200! கடப்பாரை பாறையைப் புரட்டுவதும் இந்த நெம்புகோல் தத்துவத்தால்தான். இங்கே நாமே நம் சுவருக்குக் கடப்பாரை போடுகிறோம். திருகாணி சுவரின் மேற்பூச்சில் மட்டும் இறங்கியிருந்தால் பூச்சோடு பெயர்ந்து வரும்.

இப்போது சிறு தாங்கிக்குப் பதிலாக 200 செ.மீ. உயரமுள்ள கால்களைத் தரையில் ஊன்றி, உச்சியில் மட்டும் சுவரோடு பிணைப்போம். திருப்புத்திறன் அதே 2000. இழுவிசை 2000 ÷ 200 = 10 கிலோகிராம் எடை! 200 எங்கே, 10 எங்கே! அதுவும் நான்கு கால்களுக்கும் பகிர்ந்தால் காலுக்கு இரண்டரை. மரத்தின் எடை முழுவதும் காலின் வழியே தரைக்கு இறங்கிவிடுகிறது. சுவருக்கு எடை தூக்கும் வேலையே இல்லை. மூன்று அடுக்கிலும் 300 கிலோகிராம் ஏற்றினால்கூட உச்சியில் ஒரு காலுக்கு ஏழரை கிலோகிராம் இழுவைதான்.

தாங்கி என்றால் சுவரில் மாட்டுவது என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். தரையில் நிற்பது, சுவரைச் சும்மா பிடித்துக்கொள்வது. இதுவே இக்கட்டுரையின் சாரம்.

தாங்கியைச் செய்வோம்

ஒவ்வொரு காலுக்கும் 200 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம், 4 செ.மீ. கனம் உள்ள இரண்டு சட்டங்கள் வேண்டும். ஒவ்வொரு கையும் 50 செ.மீ. நீளம், 9 செ.மீ. உயரம், 4 செ.மீ. கனம். கையின் 10 செ.மீ. பகுதி இரு சட்டங்களுக்கும் நடுவே நுழைந்திருக்கும்; 40 செ.மீ. வெளியே நீளும். கைகளின் மேல்விளிம்பு தரையிலிருந்து 40, 90, 140 செ.மீ. உயரங்களில் வரட்டும்.

கைகளுக்கு இடைப்பட்ட வெற்றிடத்தில் 4 செ.மீ. கனமுள்ள கட்டைகளை இறுக்கமாகச் செருகிப் பசையும் திருகாணியும் இடுங்கள். கை இக்கட்டைகளின் மேல் உட்காரும்; எனவே சுமை போல்ட்டை மட்டும் நம்பியிராது. ஒவ்வொரு கையையும் 10 மில்லிமீட்டர் போல்ட்டுகள் இரண்டால், வாஷர் வைத்து முடுக்குங்கள். இரண்டையும் அருகருகே வைக்காமல் எதிர் மூலைகளில் வையுங்கள். காரணம் இப்போது உங்களுக்கே தெரியும்: இடைவெளி கூடினால் விசை குறையும்.

கையின் நுனி 2 செ.மீ. உயர்ந்திருக்குமாறு சற்றே சாய்த்துப் பொருத்துங்கள். அப்போது அடுக்கு முன்னோக்கி நழுவாது.

காலின் அடியில் தார்த்தாளோ கருங்கல் சில்லோ வைத்தால் தரையின் ஈரம் காலில் ஏறாது. தூக்குக் குண்டு கட்டிக் கால் செங்குத்தாக நிற்கிறதா என்று பாருங்கள். உச்சியில் சுவரோடு பிணைக்கும் போல்ட்டு, பூச்சைக் கடந்து செங்கல்லுக்குள் இறங்க வேண்டும். செங்கற்களுக்கு இடையே உள்ள சாந்தில் அல்ல. சுவருக்குள் மின்கம்பி போகும் இடத்தைத் தவிர்க்க வேண்டும். ஆகையால் துளையிடும் வேலையைப் பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

மண்சுவர், உதிரும் சுண்ணாம்புச் சுவர் ஆகியவற்றில் போல்ட்டு நிற்காது. அங்கே காலின் அடியில் முன்னோக்கி 60 செ.மீ. நீளும் பாதக்கட்டை ஒன்றைப் பொருத்தி, பாதத்துக்கும் காலுக்கும் இடையே சாய்வாக ஒரு முட்டுக் கொடுங்கள். முக்கோணம் உருக்குலையாத வடிவம். சுமையின் புவியீர்ப்பு மையம் பாதத்தின் எல்லைக்குள் விழும் வரை தாங்கி சாயாது. நான்கு கால்களையும் பின்புறத்தில் மூலைவிட்டமாக ஒரு ரீப்பரால் இணைத்தால் பக்கவாட்டிலும் ஆடாது.

ஏற்றும்போதும் இறக்கும்போதும்

கனமான பலகைகள் கீழ் அடுக்கில், இலேசானவை மேலே. பலகையைக் கைகளின் மேல் மெதுவாக வையுங்கள், எறியாதீர்கள். வரிசைகளுக்கு நடுவே மூன்று, நான்கு செ.மீ. சந்து விடுங்கள்.

தாங்கி ஏணி அல்ல. 50 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் கையின் நுனியில் தொங்கினால் திருப்புத்திறன் 50 × 40 = 2000. ஓர் அடுக்கு மரம் முழுவதும் நான்கு கைகளில் பகிர்ந்து தரும் அதே அளவை அவர் ஒற்றைக் கையின்மேல் ஏற்றிவிடுகிறார்! தம்பி தங்கைகள் உள்ள வீட்டில் கீழ்க் கையின் நுனிகளுக்கு முன்னால் ஒரு குறுக்குப்பட்டை அடித்துவிடுவது நல்லது. நுனிகளின் கூர்மையான மூலைகளை அரத்தால் மழுக்கிவிடுங்கள்.

ஒட்டுப்பலகையை இத்தாங்கியில் வைக்க வேண்டாம். அது அகலமானது, நான்கு கைகளில் அடங்காது. முழு முதுகும் ஒரு தட்டையான சட்டத்தில் படியும்படி சற்றே சாய்த்து நிறுத்துங்கள். 18 மில்லிமீட்டர் கனமுள்ள எட்டடிக்கு நாலடித் தகடு ஒன்று முப்பது கிலோகிராமுக்கு மேல் இருக்கும். பின்னால் உள்ள தகட்டை உருவும்போது முன்னால் உள்ளவை மேலே சரிந்து விழாமல் இருக்க, அடியிலும் நடுவிலும் தடுப்பு வேண்டும்.

செய்து பாருங்கள்

ஒரு மீட்டர் நீளம், 5 செ.மீ. அகலம், 4 மில்லிமீட்டர் கனம் உள்ள ஒட்டுப்பலகைப் பட்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இரு முனைகளையும் இரண்டு செங்கற்களின் மேல் வையுங்கள். பட்டையின் மேல் ஒரு நூலை விறைப்பாகப் பிடித்து, நடுவில் நூலுக்கும் பட்டைக்கும் உள்ள இடைவெளியை அளவுகோலால் அளந்து குறியுங்கள். பிறகு செங்கற்களை ஒவ்வொரு முனையிலிருந்தும் 22 செ.மீ. உள்ளே நகர்த்தி மீண்டும் அளவுங்கள். முதலில் சில மில்லிமீட்டர் இருந்த இடைவெளி இப்போது கண்ணுக்கே எட்டாது. அடுத்து, நண்பர்கள் இருவரைச் செங்கற்களை 10, 15, 30 செ.மீ. தூரங்களில் வைக்கச் சொல்லி, தொய்வு எப்படி மாறுகிறது என்று ஒரு வரைபடம் போடுங்கள்.

கணக்குகள்

1. ஒரு கனமீட்டருக்கு 870 கிலோகிராம் அடர்த்தியுள்ள ஒரு கடினமரப் பலகை 3 மீட்டர் நீளம், 25 செ.மீ. அகலம், 4 செ.மீ. கனம் உடையது. அதன் நிறை என்ன?

2. அப்பலகையை இரண்டே தாங்கல்களில் வைத்தால், தொய்வு மிகக் குறைவாக இருக்க அவற்றை முனையிலிருந்து எவ்வளவு தூரத்தில் வைக்க வேண்டும்?

3. சுவரில் மாட்டிய, 15 செ.மீ. உயரமுள்ள நான்கு தாங்கிகள் 120 கிலோகிராம் மரத்தைத் தாங்குகின்றன. சுமையின் நடு சுவரிலிருந்து 25 செ.மீ. தொலைவில் உள்ளது. ஒவ்வொரு மேல் திருகாணியின் மீதும் இழுவிசை என்ன? தாங்கிகளுக்குப் பதிலாக, தரையில் நின்று 150 செ.மீ. உயரத்தில் சுவரோடு பிணைத்த நான்கு கால்கள் இருந்தால் என்ன?

விடைகள்: 1. சுமார் 26 கிலோகிராம். 2. 66 செ.மீ. 3. முதலில் 50 கிலோகிராம் எடை. பிறகு 5 கிலோகிராம் எடை.

மூன்றாம் கணக்கின் இரு விடைகளையும் ஒரு முறை ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு உங்கள் வீட்டுச் சுவரில் ஏற்கெனவே மாட்டியிருக்கும் புத்தகத் தட்டு, பாத்திரத் தட்டு ஆகியவற்றையும் இதே கண்ணோடு பார்த்து, அவற்றின் மேல் திருகாணியில் எவ்வளவு இழுவிசை விழுகிறது என்று கணக்கிடுங்கள். எங்கேனும் எண் பெரிதாக வந்தால், பெரியவர்களிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.